தராசு மண்டியிலேயே இருக்கட்டும்!

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குக் காலையில் போனவர்களுக்குத் தெரியும். மாரண்டஹள்ளி, வெள்ளிச்சந்தை, பஞ்சப்பள்ளி பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பெட்டி பெட்டியாகத் தக்காளி வந்து இறங்கும். இது எத்தனை கிலோ, அது பெரிசா சிறிசா, எது நசுங்கியிருக்கிறது, எது இன்னும் இரண்டு நாள் தாங்கும்... எல்லாவற்றையும் சத்தமாகவே பேசுவார்கள். யாருக்கும் கூச்சம் இல்லை. தக்காளியும் கோபித்துக்கொள்ளாது! விற்பதற்காக வந்த பொருள். எடை போட்டால்தான் விலை.

அதே ஊரில் மார்க்கெட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் இன்னொரு தராசு இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் இருக்கிறது. தெருக்கோடி டீக்கடையில் இருக்கிறது. கல்லூரி வகுப்பின் கடைசி பெஞ்சில் இருக்கிறது. அந்தத் தராசு, மனுஷன் வாய்!

"என்னடி, ஒரு சுத்து பெருத்துட்ட?"

"ஹாஸ்டல்ல சோறே போடறதில்லையாப்பா? காத்தடிச்சா பறந்துருவ போல!"

"இப்பவே இப்படின்னா, கல்யாணத்துக்கு அப்புறம் கதவு அகலம் பத்தாது!"

மண்டியில் வியாபாரி வைத்திருக்கும் தராசுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது. எடையளவுச் சட்டப்படி குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைச் சரிபார்த்து முத்திரை வைக்கவேண்டும். முத்திரை இல்லாத தராசில் எடை போட்டால் அபராதம். இந்த வாய்த் தராசுக்கு முத்திரையும் இல்லை, அபராதமும் இல்லை. யாரும் கேட்காமலேயே எடை போடும். போட்டுவிட்டு நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி அறிவிக்கும். கேட்டவர்கள் சிரிப்பார்கள். எடை போடப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கவேண்டும். சிரிக்காவிட்டால் "இதுக்குப் போய் கோவிச்சுக்கறியே" என்று இன்னொரு பட்டம் கிடைக்கும்.

இந்தப் பழக்கத்தை நிறுத்தவேண்டும். இதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்காகத்தான் மீதி எல்லாம்.

ஒரு பிரஸ் மீட்டில் நடந்தது

2025 நவம்பர் 6. சென்னையில் 'அதர்ஸ்' என்ற படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பு. '96' படத்தில் சின்ன வயது ஜானுவாக வந்தாரே, அந்த கௌரி கிஷன்தான் இந்தப் படத்தின் நாயகி. அதற்கு முந்தைய ஒரு நிகழ்ச்சியில் ஒரு யூடியூபர் படத்தின் நாயகனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். கதை பற்றியா? இல்லை. நடிப்பு பற்றியா? அதுவும் இல்லை. பாட்டில் நாயகியைத் தூக்கினீர்களே, அவர் எடை எவ்வளவு? இதுதான் கேள்வி!

கௌரி கிஷன் அதை விழுங்கிவிட்டுப் போயிருக்கலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போகிறார்கள். அவர் போகவில்லை. 6ஆம் தேதி சந்திப்பில் அதைத் திருப்பிக் கேட்டார். என் எடைக்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம், இதே கேள்வியை ஒரு ஹீரோவிடம் கேட்பீர்களா என்றார். கேட்டவர் வருத்தப்படவில்லை. குரலை உயர்த்தி, தான் கேட்டதில் தப்பே இல்லை என்று வாதாடினார். அந்த வீடியோவைப் பார்த்தவர்களுக்குக் கேள்வியைவிட அதிகமாக உறுத்தியது வேறொன்று. மேடையில் பக்கத்தில் இருந்தவர்களின் மௌனம். இயக்குநரும் நாயகனும் அந்த நேரத்தில் அவருக்காக வாய் திறக்கவில்லை.

பிறகு எல்லாம் வந்தது. சென்னை பத்திரிகையாளர் மன்றம் கண்டித்தது. நடிகர் சங்கம் கண்டித்தது. மலையாள நடிகர்களின் 'அம்மா' அமைப்பு ஆதரவாக நின்றது. அப்போது பேசாமல் இருந்ததற்கு நாயகன் பின்னால் மன்னிப்புக் கேட்டார். கேள்வி கேட்டவரும் சில நாளில் ஒரு வீடியோவில் வருத்தம் தெரிவித்தார். செய்ததைத் தப்பு என்று ஏற்றுக்கொள்ளாத வருத்தம் மன்னிப்பு ஆகாது என்று கௌரி கிஷன் அதை ஏற்கவில்லை.

சினிமாக்காரர்கள் கதை நமக்கெதற்கு என்று தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். கேமராவும் மைக்கும் இரண்டு மாநிலத்துச் சங்கங்களின் ஆதரவும் உள்ள ஒருவருக்கே அவ்வளவு போராட வேண்டியிருந்தது. பாலக்கோட்டில் இருந்து தருமபுரிக்கு டவுன் பஸ்ஸில் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவிக்கு எந்தச் சங்கம் அறிக்கை விடும்? அவளிடம் கேட்பவர் முகம் தெரியாத யூடியூபரும் இல்லை. பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, கூடப் படிக்கிற பையன். எதிர்த்துப் பேசினால் மரியாதை தெரியாதவள். பேசாவிட்டால் அடுத்த விசேஷத்திலும் அதே கேள்வி.

பாசத்தில் பிறந்த கேள்வி

ஒரு நியாயத்தைச் சொல்லிவிடவேண்டும். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் புண்படுத்தவேண்டும் என்று கேட்பதில்லை. "எளச்சுப் போயிட்டியே கண்ணு" என்பது தமிழில் ஒரு பாச வார்த்தை. தருமபுரி மாவட்டம் மழையை நம்பிய மேட்டு நிலம். ராகிக்களியும் கொள்ளும் சாப்பிட்டு வளர்ந்த ஊர். மழை பொய்த்த வருஷங்களில் குடும்பத்தோடு பெங்களூருக்கு வேலை தேடிப் போனவர்கள் நிறைய. அப்படிப்பட்ட ஊரில் உடம்பு இளைப்பது என்றால் பசி, இல்லையென்றால் நோய். போன தடவை பார்த்ததற்கு இந்தத் தடவை கொஞ்சம் சதை போட்டிருந்தால், அப்பாடா, போன இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறான் என்று அர்த்தம். உடம்பைப் பார்த்துக் கேட்பது சாப்பிட்டாயா என்று கேட்பதற்குச் சமம்.

அந்தக் காலம் மாறிவிட்டது. கேள்வி மட்டும் மாறவில்லை!

தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். 15 முதல் 49 வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் 2015-16ல் 30.9 சதவீதம். 2019-21 ஆய்வில் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2ல் இருந்து 37.0. அதாவது பத்துப் பெண்களில் நான்கு பேர். அதே ஆய்வில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 12.6 சதவீதப் பெண்கள் இருக்கவேண்டிய எடையைவிடக் குறைவு. இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல்! ஒரு கல்யாண மண்டபத்தில் நின்று உடம்பைப் பற்றி எந்தப் பக்கம் ஒரு கமெண்ட் எறிந்தாலும் பாதிப் பேர் மேல் விழும் என்று அர்த்தம்.

உடம்பு மாறியதுபோல அழகின் அளவுகோலும் மாறியது. பசிபிக் கடலில் ஃபிஜி என்று ஒரு தீவு நாடு. கரும்புத் தோட்ட வேலைக்காக நம்மூர்க்காரர்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன அதே ஃபிஜி. அங்கேயும் பூர்வ குடிகளுக்குப் பெருத்த உடம்புதான் அழகு, ஆரோக்கியம். யாராவது இளைத்தால் அவரைக் கவனிக்க ஆளில்லையோ என்று ஊரே கவலைப்படும். அந்நாட்டின் நட்ரோகா பகுதிக்கு 1995ல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஹார்வர்ட் ஆய்வாளர், டிவி வந்த புதிதில் ஒருமுறையும் 1998ல் ஒருமுறையும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டார். உடம்பைக் குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல்முறை ஒருவர்கூட இல்லை. மூன்றே வருஷத்தில் 11.3 சதவீதம்!

ஒரு தலைமுறைக்குப் பாசமாக இருந்த வார்த்தை அடுத்த தலைமுறைக்கு ஊசியாவது இப்படித்தான். பாட்டி கேட்பது "சாப்பிட்டியா?" என்ற அர்த்தத்தில். பேத்தி காதில் விழுவது "நீ நல்லா இல்லை" என்று. பாட்டியை மன்னித்துவிடலாம். ஆனால் டிவியும் மொபைலும் பார்த்து வளர்ந்த, அந்த வார்த்தை எங்கே குத்தும் என்று நன்றாகவே தெரிந்த இருபது வயதுக்காரர்கள் அதையே கேட்டால்? அவர்களுக்குப் பாட்டியின் மன்னிப்பு கிடையாது.

பட்டப்பெயர் வைத்த சினிமா

உடம்பையே பெயராக்கும் வித்தையைத் தமிழர்களுக்குப் பழக்கியதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. குண்டு கல்யாணம், ஓமக்குச்சி நரசிம்மன்... இதெல்லாம் கதாபாத்திரங்களின் பெயர் இல்லை, திரையில் வந்த நடிகர்களின் பெயர்! ஒருவர் குண்டு என்பதும் ஒருவர் ஒல்லி என்பதும் இனிஷியல் மாதிரி பெயரோடு ஒட்டிக்கொண்டது. பிந்து கோஷ் நடனக் கலைஞராக இருந்து நடிகையானவர். 1980களில் அவருக்குக் கிடைத்த வேடங்களில் பெரும்பாலானவற்றில் அவர் உடம்புதான் ஜோக். 2025 மார்ச்சில் அவர் காலமானபோதும் பலருக்கு நினைவுக்கு வந்தது அந்த உருவம்தான், நடனம் இல்லை.

திரையில் ஒரு குண்டான பெண் வந்தாலே பின்னணியில் ஒரு கோமாளி இசை. நாற்காலி உடையும். ஹீரோவின் நண்பன் ஓடுவான். தியேட்டர் சிரிக்கும். அந்தத் தியேட்டரில் அதே உடம்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறாள். காசு கொடுத்து அடி வாங்கிக்கொண்டு போவது இதுதான்.

மறுநாள் வகுப்பில் அதே ஜோக் ஓடும். கொஞ்சம் பெருத்தவன் 'பூசணி', கொஞ்சம் மெலிந்தவன் 'குச்சி'. சில பேருக்குப் படிப்பு முடியும்வரை சொந்தப் பெயரே கிடையாது. வாட்ஸப் குரூப்பில்கூட அந்தப் பெயர்தான். ஆம்பளைப் பசங்களுக்கு இதெல்லாம் உறைக்காது என்று ஒரு நம்பிக்கை வேறு. உறைக்கும். பனியன் மேல் சட்டை, சட்டை மேல் ஜெர்க்கின் என்று மே மாத வெயிலிலும் போட்டுக்கொண்டு வரும் ஒல்லிப் பையனைக் கேட்டால் தெரியும். குரூப் போட்டோவில் எப்போதும் பின்வரிசையில் பாதி மறைந்து நிற்கும் பையனைக் கேட்டால் தெரியும்.

"உடம்பு நல்லதுக்குத்தானே சொல்றோம்!"

இதுதான் எல்லோரும் கடைசியாக எடுக்கும் ஆயுதம். கேலி இல்லை, அக்கறை. சர்க்கரை வரும், பிரஷர் வரும், அதனால் சொல்கிறோம்.

அதிக எடையால் நீரிழிவு, ரத்த அழுத்தம், மூட்டு வலி வரும் ஆபத்து கூடும் என்பது உண்மை. அதை மறுத்து ஒரு வரிகூட எழுதவேண்டியதில்லை. கேள்வி வேறு. ஒருவரைக் குண்டு என்று சொல்வதால் அவர் இளைக்கிறாரா? இதை ஆராய்ச்சி செய்தே பார்த்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 2,379 சிறுமிகளைப் பத்து வயதிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். பத்து வயதில் அவர்களிடம் ஒரு கேள்வி: நீ ரொம்பக் குண்டு என்று பெற்றோர், உடன்பிறந்தோர், நண்பர், ஆசிரியர் யாராவது சொல்லியிருக்கிறார்களா? பாதிக்கு மேற்பட்டவர்கள் ஆமாம் என்றார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் 19 வயதில் உடல் பருமனோடு இருக்கும் வாய்ப்பு, சொல்லப்படாதவர்களைவிட 1.66 மடங்கு. ஆரம்பத்தில் இருந்த எடை, குடும்ப வருமானம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும்! 2014ல் வெளிவந்த ஆய்வு இது. அதற்கு முந்தைய வருஷம், 2013ல், பெரியவர்களை வைத்து இன்னொரு ஆய்வு. 6,157 பேர். எடையைச் சொல்லி அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவர்கள் நான்கு வருஷம் கழித்துப் பருமனாகியிருந்த வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு.

காரணம் புரிந்துகொள்ள டாக்டர் ஆகவேண்டியதில்லை. கிரவுண்டில் ஓடினால் சிரிப்பார்கள் என்று பயப்படும் பெண் ஓடமாட்டாள். நாலு பேர் முன்னால் சாப்பிட வெட்கப்படுகிறவள் தனியாக, அவசரமாக, அதிகமாகச் சாப்பிடுவாள். மனசு நொந்தவனுக்குச் சுலபமாகக் கிடைக்கும் ஆறுதல் ஒரு பாக்கெட் சிப்ஸ். டாக்டரிடம் போனால் அவரும் திட்டுவார் என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களும் உண்டு. உடம்பு நல்லதுக்குச் சொன்ன வார்த்தை உடம்பையே கெடுக்கிறது. கணக்குப் பாடத்தில் இதற்குப் பெயர் நஷ்டம்!

சரி, எடை போடுகிறவர்களுக்கு உடம்பைப் பற்றி எவ்வளவு தெரியும்? உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் பி.எம்.ஐ. கணக்கு 1830களில் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியத்துக் கணிதக்காரர் கண்டது. மக்கள்கூட்டத்தின் சராசரியைப் படிக்கத்தான் அவர் அதைப் போட்டார், தனி மனிதனின் நோயைக் கண்டுபிடிக்க இல்லை. இந்தியர்களுக்கு அதே எடையில் சீக்கிரமே நோய் வருகிறது என்று இங்கே 23க்கு மேல் போனாலே அதிக எடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். 2025 ஜனவரியில் லான்செட் இதழ் அமைத்த நிபுணர் குழு, பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் என்று முடிவு கட்டக்கூடாது, இடுப்புச் சுற்றளவையும் உறுப்புகள் வேலை செய்யும் விதத்தையும் பார்க்கவேண்டும் என்றது. உலகத்து நிபுணர்களே டேப்பும் ரத்தப் பரிசோதனையும் கேட்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கும் மாமாவுக்குக் கண்ணால் பார்த்தாலே போதும்!

அந்த மாமாவுக்குத் தெரியாதது இன்னும் நிறைய. தைராய்டு குறைந்தால் எடை ஏறும். பி.சி.ஓ.டி. உள்ள பெண்களுக்கு எடை ஏறுவது சகஜம். வீசிங், மூட்டு வாதம் போன்றவற்றுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பும். சில மனநல மருந்துகளாலும் எடை கூடும். மறுபக்கம், காசநோய் வந்தால் இளைக்கும். சின்ன வயதில் வரும் சர்க்கரை நோயில் கிடுகிடுவென்று இளைக்கும். "வாவ், செம ஸ்லிம் ஆயிட்டே, என்ன சீக்ரெட்?" என்று கைகொடுத்துப் பாராட்டுகிறார்களே... அந்த சீக்ரெட் ஒரு காசநோய் மாத்திரை அட்டையாக இருக்கலாம். அம்மா இறந்த மூன்று மாத துக்கமாக இருக்கலாம். பாராட்டும் எடை போடுதல்தான்.

உயிர் போன பிறகு

இது வெறும் மன வருத்தத்தோடு நின்றிருந்தால்கூட ஒரு கட்டுரை போதுமானதாக இருந்திருக்கும். நிற்கவில்லை.

2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். எடையைக் குறைக்க யூடியூபில் பார்த்ததை வைத்து சுமார் மூன்று மாதம் பழச்சாறு மட்டுமே குடித்து வந்ததாகச் செய்தி. 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி. அவரும் வீடியோவைப் பார்த்து, உடம்பு இளைக்க நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டு இறந்தார். யூடியூபைத் திட்டினார்கள். திட்டவேண்டியதுதான். ஆனால் வீடியோ வழியைத்தான் காட்டும். உடம்பை எப்படியாவது, உடனடியாகக் குறைத்தே ஆகவேண்டும் என்ற அவசரம் பதினேழு, பத்தொன்பது வயதில் எங்கிருந்து வருகிறது? அதை யூடியூப் மட்டும் ஊட்டவில்லை. சுற்றியிருக்கும் நூறு வாய்கள் சேர்ந்து வளர்க்கும் அவசரம் அது.

அந்த அவசரம் ஒரு சந்தை. காமர்ஸ் படிக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு பொருளை விற்க முதலில் அதற்கான தேவையை உண்டாக்கவேண்டும். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் மட்டுமில்லை, தமிழ்நாட்டின் எந்த பஸ் ஸ்டாண்டு சுவரிலும் "எடை குறைய... எடை கூட..." என்று போன் நம்பரோடு நோட்டீஸ் பார்க்கலாம். இரண்டுக்கும் ஒரே நம்பர்! இத்தனைக்கும் 1954ஆம் வருஷத்து மருந்து மற்றும் மாய வைத்தியம் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தில், மருந்தால் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனும் இருக்கிறது. எழுபது வருஷத்துக்கு மேலான சட்டம். நோட்டீஸ் ஒட்டுகிறவர்களுக்கு விளம்பரச் செலவுகூட அதிகம் இல்லை. முக்கால்வாசி விளம்பரத்தைச் சொந்தக்காரர்களும் நண்பர்களும் இலவசமாகச் செய்துவிடுகிறார்கள்!

பெண் பார்க்கும் படலத்தில் இந்தச் சந்தை அப்பட்டமாகவே தெரியும். "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு, அதுக்கேத்த மாதிரி செய்வீங்கல்ல?" என்று கேட்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கிலோவுக்கு இத்தனை பவுன்! மண்டியில் எடை கூடினால் விற்பவருக்கு லாபம். இங்கே மட்டும் எடை கூடினால் நஷ்டம். அப்படிக் கேட்கும் மாப்பிள்ளையின் தொப்பையை யாரும் எடை போட்டதாகத் தெரியவில்லை.

சட்டமும் சும்மா இல்லை

"ஜோக்குக்கெல்லாம் சட்டமா?" என்பவர்கள் கொஞ்சம் இதைப் படிக்கவேண்டும். 1996ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலை செய்யப்பட்ட பிறகு, தமிழ்நாடு 1997ல் ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாணவருக்கு உடலாலோ மனதாலோ தீங்கு, பயம், அவமானம், சங்கடம் உண்டாக்கும் செயல் ராகிங். கேலி செய்வதும் அதில் அடங்கும். இரண்டு வருஷம் வரை சிறை. 2016ல் யு.ஜி.சி. தன் ராகிங் விதிகளில் செய்த திருத்தத்தில் சாதி, மதம், நிறம், பாலினம் ஆகியவற்றோடு 'தோற்றம்' என்பதையும் சேர்த்தது. ஒரு மாணவரின் தோற்றத்தை வைத்து மனதளவில் துன்புறுத்துவதும் ராகிங்தான். சீனியர் ஜூனியரைச் செய்தாலும் சரி, கூடப் படிக்கிறவர்களே செய்தாலும் சரி. வருஷா வருஷம் அட்மிஷனில் பெற்றோரும் மாணவரும் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியைப் படித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? குடும்பத்துக்குள்ளும் அப்படித்தான். மருமகளின் உடம்பைக் கேலி செய்வதும் கொடுமை ஆகலாம் என்று 2024 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அதற்காக ஒவ்வொரு 'குண்டு'வுக்கும் போலீஸ் ஸ்டேஷன் போகச் சொல்லவில்லை. பெரியம்மா மேல் எஃப்.ஐ.ஆர். போட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போக முடியாது! சட்டம் கடைசிப் படி. முதல் படி வேறு.

சிரிப்பை நிறுத்துங்கள், போதும்

அந்த பிரஸ் மீட்டை மறுபடி நினைத்துப் பார்க்கலாம். கேள்வி கேட்டவர் ஒருவர். பேசாமல் இருந்தவர்கள் பலர். இந்த வியாபாரம் ஓடுவது கேட்பவரால் இல்லை, பக்கத்தில் இருப்பவர்களால். ஜோக் அடிப்பவருக்குக் கூலி, சிரிப்பு. சிரிப்புதான் டிமாண்டு. டிமாண்டு இல்லாத சரக்கை எந்த வியாபாரியும் இரண்டாம் நாள் கொண்டு வரமாட்டான்.

அடுத்த தடவை வகுப்பில் யாராவது ஒரு உடம்பை வைத்து ஜோக் அடிக்கும்போது சிரிக்காமல் இருந்தால் போதும். முறைக்கவேண்டாம், சண்டை போடவேண்டாம், பிரசங்கம் வேண்டாம். சிரிக்காமல் வேறு பேச்சை எடுத்தால் போதும். ஒரு நண்பனாவது அப்படி இருந்தால், எடை போடப்பட்டவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வரும். கல்யாண வீட்டில் சின்னவர்களைப் பார்த்தால் கேட்க ஆயிரம் இருக்கிறது. என்ன படிக்கிறே? ஊர் எப்படி இருக்கு? அந்தப் பாட்டுப் போட்டி என்ன ஆச்சு? நிஜமாகவே உடம்பைப் பற்றிக் கவலை என்றால், தனியாக, மெதுவாக, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று ஒரு கேள்வி. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடவேண்டும். கூடவே சாயங்காலம் ஒரு மைல் நடக்க வா என்று கூப்பிட்டால் அது அக்கறை. மண்டபத்தில் மைக் வைத்தமாதிரி சொன்னால் அது அக்கறை இல்லை.

எடை போடப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிலுக்குச் சிரிக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. "எதுக்குக் கேக்கறீங்க?" என்று அமைதியாக ஒரு கேள்வி போதும். பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதிலே இருக்காது. ஏனென்றால் ஏன் கேட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது!

பாலக்கோடு மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் தராசை ஓரமாக வைத்துவிடுவார்கள். எடை சீட்டில் ஏறிவிட்டால் அந்தப் பெட்டியின் கதை முடிந்தது, லாரி ஏறிப் போய்விடும். பத்தாம் வகுப்பில் ஒருவன் சொன்ன 'பூசணி' என்ற வார்த்தை எந்த லாரியும் ஏறுவதில்லை. கல்லூரிக்கு வருகிறது, வேலைக்கு வருகிறது, கல்யாணப் புடவைக்கு ஜாக்கெட் அளவு எடுக்கும்போதும் கூடவே வந்து நிற்கிறது. சொன்னவன் எப்போதோ மறந்துவிட்டான்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. இதைப் படித்து முடித்தவுடன், இதுவரை யாரையெல்லாம் அப்படி எடை போட்டோம் என்று ஒருதரம் எண்ணிப் பார்த்தால், எத்தனை முகம் ஞாபகம் வருகிறது? அதில் ஒரு முகத்துக்காவது இன்றைக்கு ஒரு போன் போட்டு, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்று சொல்ல முடியுமா?